முற்றாத வேருக்கு முட்டுக்கொடுத்தல்

பெரியமடுவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓடி விளையாடுகையில் தடக்கி விழுந்து, மேல் முன்பல்லை உடைத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் நின்றுவிடுகிறது, நோவும் அடங்குகிறது. "பால்பல்தானே, மீண்டும் முளைக்கும்" என்று வீட்டார் ஆறுதல் கொள்கின்றனர். ஆனால் அது பால்பல் அன்று. அவ்வயதில் அவ்விடத்தில் இருப்பது பெரும்பாலும் நிலைப்பல்லே. இனியொன்று முளைக்கப் போவதில்லை.

வெளியே முழுப் பல்லாய்த் தோன்றினும், முரசினுள்ளே அதன் வேர் இன்னும் முற்றவில்லை. பல் முளைத்தபின் வேர் நிறைவெய்த ஏறத்தாழ 3 ஆண்டுகள் செல்லும். அதுவரை வேரின் சுவர் மெல்லியதாயும், அடிநுனி புனல்போல் திறந்தும் இருக்கும். சுவரைத் தடிப்பிப்பது பல்லினுள்ளே இருக்கும் உயிர்க்கூழாகும். உடைவின் வழியே கிருமி புகுந்து அக்கூழ் இறந்துபட்டால், வேர் வளர்ந்த அளவிலேயே நின்றுவிடும். பின்னொரு நாள் சிறு அடி பட்டாலும் பல் கழுத்தருகே முறிந்துவிடலாம்.

1960களில் இதற்குக் கைக்கொண்ட மருந்து கல்சியம் ஐதரொட்சைட்டு. நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவும் நீற்றுச் சுண்ணாம்பும் இரசாயன முறையில் இதுவே. (வீட்டுச் சுண்ணாம்பைப் பல்லில் வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்!) வேரினுள் இதை மாதக்கணக்கில் வைத்திருந்தால் திறந்த நுனியில் கடினமான தடுப்பு உண்டாயிற்று. ஆயினும் குறையொன்று இருந்தது. செம்மறியாட்டின் முற்றாத பற்களை வைத்து ஆந்திரேயாசன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சுண்ணம் நிரப்பிய வேரின் வலிமை ஏறத்தாழ ஓராண்டில் பாதியாகக் குறைந்தமை தெரியவந்தது.

இதற்கிடையே, 1993இல், கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபிநெஜாத் என்பவரும் கூட்டாளிகளும் எம்.டி.ஏ. என்னும் பொருளை அறிமுகஞ் செய்தனர். வீடு கட்டும் போட்லண்ட் சிமெந்துக்கு இது நெருங்கிய உறவு. ஈரத்திலேயே இறுகும் இயல்பினதாதலால், வேரின் நுனியில் 4 மில்லிமீற்றர் அளவுக்கு அடைத்து, ஓரிரு வருகைகளிலேயே வேலையை முடிக்கலாம். ஆனால் நுனி அடைபட்டதனால் சுவர் தடித்துவிடாது. ஆகவே அடைப்பின்மேல், பல்லோடு ஒட்டிக்கொள்ளும் கொம்பொசிற்றுப் பிசினைக் கழுத்துவரை நிரப்பி ஒளியால் இறுகச் செய்வர். இவ்வாறு உள்ளிருந்து முட்டுக்கொடுத்த வேர்கள் கூடுதலான பளுவைத் தாங்குவதை ஆய்வுகூடச் சோதனைகள் பலவும் காட்டியுள்ளன.

இத்தனையும் கூழ் இறந்தபின் செய்யும் வைத்தியம். கூழ் உயிரோடிருக்கையிலேயே வைத்தியரிடம் சென்றால், வெளித்தெரியும் பகுதியில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றரை மட்டும் நீக்கி மருந்திட்டு மூடிவிடலாம். வேர் தானே வளர்ந்து முற்றும். எந்தச் சிமெந்தும் இதற்கு ஈடன்று.

ஆதலால் பல் உடைந்தால் அன்றே மன்னாருக்கோ, அருகிலுள்ள பல் வைத்தியரிடமோ பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். உடைந்த துண்டு கிடைத்தால் பாலிலிட்டு உடன் கொண்டுபோங்கள். அதையே மீண்டும் ஒட்டிவிடவும் கூடும். நோவில்லை என்று விட்டுவிட்ட பல் சில மாதங்களில் சாம்பல் நிறமடைந்தாலோ, முரசில் சிறு கொப்புளம் தோன்றினாலோ, அப்போதும் காலந்தாழ்த்த வேண்டாம்.