ரோமில் ரூம் போடலாமா?

கம்பெனி செலவில் ஜெர்மனிக்கோ ஹாலந்துக்கோ ஒரு மாத வேலையாகப் போகிறீர்கள். சனி, ஞாயிறோடு இரண்டு நாள் லீவைச் சேர்த்தால், ‘இவ்வளவு தூரம் வந்துட்டு ரோமைப் பார்க்காமப் போறதா?’ என்று மனசு குறுகுறுக்கும். விமான டிக்கெட்டைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். ராத்திரி எங்கே படுப்பது என்று யூரோவை ரூபாயாக்கிப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

கலங்க வேண்டாம். ரோமில் மலிவு ரூம் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அது இரண்டாயிரம் வருஷத்துப் பாரம்பரியம்!

சீஸர் காலத்து ரோம் என்றதும் பளிங்கு மாளிகையும் தூண்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், சாதாரண ஜனங்கள் குடியிருந்தது ‘இன்சுலா’ என்கிற அடுக்குமாடி வாடகைக் கட்டடங்களில். மாடி ஏற ஏற வாடகை இறங்கும். உச்சி மாடிக்காரர் குடிதண்ணீரைக் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கட்டடங்கள் இஷ்டத்துக்கு உயர்ந்துகொண்டே போக, ‘70 ரோமானிய அடிக்கு மேல் கட்டாதே’ என்று அகஸ்டஸ் சக்கரவர்த்தி உத்தரவு போட்டார். நம் கணக்கில் சுமார் இருபது மீட்டர். அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் மிச்சத்தை இன்றைக்கும் காப்பிடோலின் குன்றின் அடிவாரத்தில் பார்க்கலாம்.

தூக்கம்? அது அப்போதே பிரச்னைதான். பகலில் தெருவில் நெரிசல் தாங்காமல் பார வண்டிகளுக்குத் தடை போட்டார் ஜூலியஸ் சீஸர். விளைவு... அத்தனை வண்டிகளும் ராத்திரியில் கடகடவென்று கிளம்பின! கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஜுவெனல் என்ற கவிஞர், ‘இந்த ஊர் வாடகை ரூமில் மனுஷன் தூங்க முடியுமா?’ என்கிற ரீதியில் கவிதையிலேயே புலம்பியிருக்கிறார்.

இன்றைக்கு வண்டிகள் போய் டிராலி சூட்கேஸ்கள் வந்துவிட்டன. விடிகாலை விமானத்தைப் பிடிக்க யாரோ ஒரு புண்ணியவான் கருங்கல் பாவிய தெருவில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போவார். அந்தச் சத்தத்தில் ஜுவெனலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனால், ரூம் கேட்கும்போதே ‘தெருப் பக்கம் வேண்டாம், உள்முற்றம் பார்த்த ரூம் கொடுங்க’ என்று சொல்லிவிடுவது உத்தமம். வெளிச்சம் கொஞ்சம் கம்மியாக இருக்கும். தூக்கம் நிச்சயம்.

மலிவு லாட்ஜ்களின் தலைநகரம் டெர்மினி ரயில்வே ஸ்டேஷன் வட்டாரம். ஒரே பழைய கட்டடத்தில் மாடிக்கு ஒன்றாக மூன்று, நாலு லாட்ஜ்கள் இருக்கும். சிலவற்றில் இரும்புக் கூண்டு போன்ற லிஃப்ட். நீங்கள் போனால் பெட்டி போகாது; பெட்டி போனால் நீங்கள் போக முடியாது.

உள்ளே போனதும் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். ‘என்னடா இது, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி?’ என்று மிரள வேண்டாம். தங்குகிறவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இத்தாலியின் சட்டம். குறித்துக்கொண்டதும் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரி. 2011-லிருந்து ரோமில் ராத்திரி தங்குவதற்கென்றே தனி வரி. 2023 அக்டோபரில் ஏற்றிய கணக்குப்படி இரண்டு நட்சத்திர ஓட்டலில் தலைக்கு, ராத்திரிக்கு 5 யூரோ. மூன்று நட்சத்திரம் என்றால் 6. ரூம் வாடகையில் இது பெரும்பாலும் சேராது. இரண்டு நண்பர்கள் மூன்று ராத்திரி தங்கினால் 30 யூரோ தனியாக எடுத்து வைக்க வேண்டும். ‘வெப்சைட்டில் போட்ட ரேட் வேற, நீங்க கேட்கிறது வேறயா இருக்கே!’ என்று கவுன்ட்டரில் சண்டை பிடித்துப் பிரயோஜனமில்லை. அந்தக் காசு போவது நகரசபைக்கு.

இனி பாத்ரூம். இங்கேதான் இங்கிலீஷ் மீடியம் படிப்பு காலை வாரும். குழாயில் ‘சி’ என்று போட்டிருக்கும். ‘சி என்றால் கோல்டு’ என்று தைரியமாகத் திறந்தால் தோல் உரியும்! இத்தாலியில் அந்த ‘சி’, ‘கால்தோ’ என்ற வார்த்தையின் முதல் எழுத்து. கால்தோ என்றால் சூடு. ‘எஃப்’ போட்டதுதான் பச்சைத் தண்ணீர்.

ஷவர் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கினால் அதையும் இழுக்காதீர்கள். லைட் ஸ்விட்சும் இல்லை, வென்ட்டிலேட்டரும் இல்லை. வழுக்கி விழுந்தவர் உதவிக்குக் கூப்பிடுகிற அலாரம் அது. இழுத்த மறு நிமிஷம் ரிசப்ஷன்காரர் பதறிக்கொண்டு ஓடிவருவார். நீங்கள் சோப்பு நுரையோடு நிற்பீர்கள்.

நல்ல சேதியும் உண்டு. ஐரோப்பா என்றாலே டாய்லெட் பேப்பர்தானே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இத்தாலி ஒரு வரப்பிரசாதம். கழுவிக்கொள்ள ‘பிடே’ என்ற தனித் தொட்டி! வீடுகளில் அது இருந்தே ஆக வேண்டும் என்று 1975-லேயே உத்தரவு போட்ட தேசம் இது. தயவுசெய்து அதில் சாக்ஸ் துவைக்காதீர்கள்.

‘எல்லாம் சரி, பத்துக்குப் பத்து ரூமில் மூணு நாள் என்ன சார் பண்றது?’ என்கிறீர்களா? தூங்குங்கள். வேறு எதற்கும் அந்த ரூம் இல்லை. அன்றைய மேல்மாடிக்காரருக்கும் வீட்டில் சமையலறை கிடையாது, குளியலறை கிடையாது. தெருமுனைக் கடையில் சாப்பிட்டார், பொது நீரூற்றில் தண்ணீர் பிடித்தார், பொதுக் குளியல் மண்டபத்தில் ராஜா மாதிரி குளித்தார். கட்டணம், இருப்பதிலேயே சின்னக் காசு ஒன்று. டெர்மினி என்ற பேரே பக்கத்திலிருக்கும் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தியின் குளியல் மண்டபத்திலிருந்து வந்ததுதான். கி.பி. 306 வாக்கில் திறந்தது, சுமார் 32 ஏக்கர்! அதன் ஒரு கூடத்தை 1560-களில் மைக்கேலாஞ்சலோ தேவாலயமாக மாற்ற, அது இன்றும் நிற்கிறது. உள்ளே போக டிக்கெட் இல்லை.

ரூம் தராததை ஊர் தரும். ரோமின் கணக்கே அதுதான். காலையில் காப்பிக் கடை கவுன்ட்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பில் எகிறும். எனவே நில்லுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். 1874-ல் ஆரம்பித்த ‘நசோனே’, அதாவது ‘பெரிய மூக்கு’ என்ற தெருக் குழாய்கள் சுமார் 2,500 உண்டு. இரவும் பகலும் ஜில்லென்று ஓடுகிற நல்ல குடிதண்ணீர். மூக்கை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் ஓட்டையிலிருந்து வாய்க்கு நேராகப் பீய்ச்சும். சான் லூயிஜி தேய் ஃப்ரான்செசி தேவாலயத்தில் கரவாஜ்ஜியோவின் மூன்று அசல் ஓவியங்கள் இலவச தரிசனம். லைட் எரிய மட்டும் காசு போட வேண்டும்.

இந்த இலவச வரவேற்பறை இப்போது சுருங்கிக்கொண்டே வருவதுதான் கவலை. ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்கார்ந்து கால் நீட்டி ஊரை வேடிக்கை பார்த்த காலம் ஒன்று இருந்தது. 2019-லிருந்து உட்கார்ந்தால் 250 யூரோ அபராதம். கிட்டத்தட்ட 1,900 வயசான பாந்தியன் கோயிலுக்குள் யாரும் சும்மா நுழையலாம் என்றிருந்தது. 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ டிக்கெட். கூட்டம் தாங்கவில்லை, பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதெல்லாம் நியாயம்தான். ஆனால், பணக்கார டூரிஸ்ட்டுக்கு ஐந்து யூரோ ஒரு டிப்ஸ். மலிவு ரூம்காரனுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. உட்காரவும் ஒண்டவும் ஊர் காசு கேட்க ஆரம்பித்தால், பத்துக்குப் பத்து நிஜமாகவே பத்துக்குப் பத்தாகிவிடும்.

ஆகவே பட்ஜெட் போடும்போது ரூம் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ராத்திரி வரி, டிக்கெட், உட்காரும் கூலி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். முடிந்தால் மாதத்தின் முதல் ஞாயிறு ஊரில் இருக்கிற மாதிரி போங்கள். அன்றைக்கு கொலோசியம் உட்பட அரசாங்க மியூசியங்களில் அனுமதி இலவசம். க்யூ மட்டும் நீளம்.

நின்று கால் கடுத்தால் பக்கத்தில் பெரிய மூக்கைத் தேடுங்கள். அது இன்னும் ஓசிதான்!