மிளகு போடும் அடைப்பு

காய்ச்சல் என்றதும் செம்பாக்கத்தில் பல வீடுகளில் அடுப்பேறுவது நிலவேம்புக் குடிநீர். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று 9 சரக்குகள். குடித்ததும் கசப்பு நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. அதில் எவ்வளவு ரத்தத்தில் ஏறியது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

சமையலறை சிங்க்கை எடுத்துக்கொள்வோம். மேலே குழாய் குடல், தொட்டி ரத்தம், அடியில் உள்ள ஓட்டை கல்லீரலும் சிறுநீரகமும். குழாய் திறந்திருக்கும்போதே ஓட்டையும் திறந்திருக்கிறது. கொட்டுவது வடிவதை மிஞ்சும்வரை மட்டம் ஏறும், இரண்டும் சமமாகும்போது உச்சம், பிறகு இறக்கம். மட்டம் பாதியாக எடுக்கும் நேரம்தான் அரை ஆயுள்.

அளப்பவர்கள் செய்வதும் மட்டம் பார்க்கிற வேலைதான். வெறும் வயிற்றில் இருக்கும் தன்னார்வலரின் கையில் ஊசிக்குழாய் பொருத்தி, மருந்துக்கு முன்னால் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு கால் மணி, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று நீளும். முதல் சில மணி நேரத்தில் அடிக்கடி, பின்னர் இடைவெளி விட்டு. உச்சம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியாதே! எடுத்த ரத்தத்தைச் சுழற்றிச் செல்களைப் பிரித்து, மேலே நிற்கும் மஞ்சள் நிற நீரில் புரதத்தைப் படியவைத்து, மிச்சத்தைக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். கிடைக்கும் அளவுகள் நானோகிராமில் இருக்கும், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. புள்ளிகளை இணைத்தால் ஒரு மேடு; அந்த மேட்டின் பரப்புதான் உடம்பு மொத்தமாகப் பெற்ற மருந்து.

நிலவேம்பின் முக்கியச் சேர்மம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. அதில் 20 மில்லிகிராம் உள்ள மாத்திரைகளைக் கொடுத்து அளந்த ஆய்வு 2000-இல் வெளியானது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சம்: மில்லிலிட்டருக்குச் சுமார் 393 நானோகிராம். அது மாத்திரைக் கணக்கு. வீட்டில் காய்ச்சும் கஷாயத்தில் சரக்கின் தரமும் கொதித்த நேரமும் மாறுவதால் அதே எண்ணை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது.

என்னை அதிகம் ஈர்ப்பது அந்தப் பட்டியலில் எட்டாவதாக நிற்கும் மிளகு. சிங்க்கின் ஓட்டையில் சோற்றுப் பருக்கை சிக்கினால் என்ன ஆகும்? அதே குழாய், அதே வேகம், ஆனால் மட்டம் ஏறிவிடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. மஞ்சளில் உள்ள குர்குமினை 2 கிராம் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவு, அல்லது மிகச் சொற்பம். மிளகின் பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உடம்புக்குக் கிடைத்தது 2000 சதவீதம் கூடியது. குர்குமினோடு இன்னொரு மூலக்கூறை ஒட்டி வெளியே தள்ளுவது குடல் சுவரும் கல்லீரலும். அந்த ஒட்டுவேலையைப் பிப்பரின் மந்தமாக்குகிறது.

செம்பாக்கத்தை அடுத்த தாம்பரம் சானடோரியத்துக்கு இது அந்நியமான செய்தி அல்ல. டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோய் மருத்துவமனை தொடங்கிய இடம் அது. 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டதும் அதே பகுதியில்தான். காசநோய் மருந்தும் மிளகும் ஒரே மாத்திரையில் சேர்ந்ததும் உண்டு: ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தோடு பிப்பரினைச் சேர்க்கும் வழியை ஜம்முவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. ரிசோரின் என்ற பெயரில் வந்த அந்த மாத்திரையில் வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசின், 10 மில்லிகிராம் பிப்பரின்.

அடைப்பு ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவையும் பிப்பரின் ரத்தத்தில் உயர்த்துவது மனிதர்களிடமே அளக்கப்பட்டிருக்கிறது. இவை கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டம், படபடப்பு வரும். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பிப்பரின் செறிந்த மாத்திரையையோ தினசரிக் கஷாயத்தையோ தொடங்குவதற்கு முன், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைச் சித்த மருத்துவரிடமும், கஷாயச் சீட்டை ஆங்கில மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.