மிதிவண்டிப் பணிப்பயணமும் உடல்நலமும்: பிரித்தானிய ஆய்வுகளின் வழி ஒரு நோக்கு

பணியிடத்திற்கு மிதிவண்டியில் செல்வது, உடற்பயிற்சிக்கெனத் தனிநேரம் ஒதுக்க இயலாதோரின் அன்றாட வாழ்வில் உடலுழைப்பை இணைக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், யூ.கே. பயோபேங்க் தரவுத்தளத்தில் இடம்பெற்ற ஏறத்தாழ 2,63,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். மகிழுந்திலோ பொதுப்போக்குவரத்திலோ சென்றோரைவிட மிதிவண்டியில் சென்றோரிடம் இறப்பதற்கான இடர் 41 விழுக்காடு குறைந்திருந்தது. நடந்து சென்றோரிடம் இதயநோய் இடர் குறைந்திருப்பினும், ஒட்டுமொத்த இறப்பில் அத்தகைய வேறுபாடு புலப்படவில்லை.

எனினும், இம்முடிவுகள் தொடர்பைச் சுட்டுவனவேயன்றிக் காரணத்தை நிறுவுவன அல்ல. மேலும், அதே தரவுத்தளத்தைக் கொண்டு 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மிதிவண்டியில் செல்வோர் காயமுற்று மருத்துவமனையில் சேர்க்கப்படும் இடர் 45 விழுக்காடு மிகுதி எனக் காட்டியது. ஆகவே, மிதிவண்டிப் பயணத்தைப் பரிந்துரைக்கும் நலக்கொள்கை, பாதுகாப்பான தனித்தடங்களை அமைக்கும் பொறுப்பையும் உடன் ஏற்றல் வேண்டும்.