பூனை ஏன் நகம் கடிக்கிறது?

"நகத்தைக் கடிக்காதே, தரித்திரம்!" என்று குழந்தைகளை அதட்டாத தாய்மார் நம்மில் யார்? ஆனால் வீட்டுப் பூனை அதே காரியத்தைச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

சேலையூரில் எங்கள் எதிர் ஃப்ளாட் மாமிக்கு வந்த கவலை இதுதான். "இந்த மீனு ராத்திரி பூரா நகத்தைப் பிடுங்கிப் பிடுங்கித் துப்பறதுடீ! பெருக்கினா நகம் நகமா வரது. வீட்டுக்கு ஆகுமோ?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. சாதாரணமாகப் பூனைக்கு மொத்தம் 18 நகங்கள். முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு. ஒவ்வொரு நகமும் வெங்காயம் போல அடுக்கடுக்காக வளர்கிறது. மேல் உறை பழசானதும் பாம்பு சட்டையை உரிப்பது போலக் கழன்று விடும். உள்ளே புது நகம் கூராகத் தயாராக இருக்கும். முன்னங்கால் உறைகளை மரத்திலோ, நம் சோபாவிலோ பிறாண்டிக் கழற்றிவிடுகிறது. பின்னங்கால்களுக்கு அந்த வசதி இல்லை. பல்லால்தான் இழுத்துப் போட வேண்டும். ஆகவே பெருக்கும்போது அகப்படுவது நகமல்ல, நகம் கழற்றிப் போட்ட சட்டை. கையில் எடுத்துப் பாருங்கள், உள்ளே வெறும் கூடாக இருக்கும்.

இப்படியெல்லாம் சொல்லி மாமியைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். மீனுவின் காலை ஒரு தடவை தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. மீனு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, அலமாரிக்கு அடியில் ஒடுங்கி, ஒரே முன்னங்காலை ஓயாமல் கடித்துக்கொண்டிருந்தது. "பழைய வீட்டு ஏக்கம்" என்றாள் மாமி. அதிலும் நியாயம் இருந்தது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கமெல்லாம் கிணறும் தென்னையுமாக இருந்த தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்களே, மாமியின் வீடும் அப்படிப் போனதுதான். 12 வயது மீனு மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தது. தன் வாசனை படிந்த இடம் என்றால் பூனைக்கு உயிர். இடம் மாறினாலும், புதுப் பூனை ஒன்று வந்தாலும், தீபாவளி வெடி வெடித்தாலும் ஒளிந்துகொள்ளும். சில பூனைகள் ரோமம் உதிரும் வரை உடம்பை நக்கும்.

ஆனாலும் 'கவலைதான்' என்று நாமே முடிவு கட்டுவதில் அபாயம் உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் 2006-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மனக் கவலையால் நக்கி நக்கி ரோமம் போயிற்று என்று சந்தேகிக்கப்பட்ட 21 பூனைகளைச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடம்பில்தான் கோளாறு. மனக் கவலை மட்டுமே காரணம் என்று தேறியவை இரண்டே இரண்டு!

வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. எங்களுக்குத் தூரம் என்பதால், பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் மீனுவைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். அவர் பாதத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். கட்டைவிரல் நகம் வளைந்து வளர்ந்து, பாதத்துச் சதையிலேயே குத்திச் சீழ் வைத்திருந்தது! வயதான பூனை பிறாண்டுவதைக் குறைத்துவிடுமாம். உறை கழலாமல் நகம் தடித்து வளையுமாம். போதாக்குறைக்கு, பிறாண்டத் தென்னை மரமும் இல்லை.

"ஒரு மாசமா வலியில துடிச்சிருக்கே! நான் திட்டிண்டே இருந்தேனே!" என்று மாமி கண் கலங்கிவிட்டாள். எனக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஒரே நகத்தைத் திரும்பத் திரும்பக் கடித்தாலோ, வீக்கம், ரத்தம், துர்நாற்றம், நொண்டல் எது தெரிந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கை வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். நாம் ஜுரத்துக்குப் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைக் குடித்துவிடும். டெட்டாலும் ஆகாது, தடவிய இடத்தை அது நக்குமே! நகம் வெட்டுவதானால் நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிகிற இடத்தில் ரத்தக் குழாய் ஓடுகிறது.

புண் ஆறியதும், டாக்டர் சொன்னபடி ஒரு கனமான பலகையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுகச் சுற்றி நிறுத்தினோம். பூனை முழு நீளத்துக்கு நிமிர்ந்தாலும் எட்டும் உயரம் வேண்டும், ஆடவும் கூடாது. பழைய வீட்டில் மீனு படுத்திருந்த கிழிந்த புடவையைத் துவைக்காமல் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, அலமாரி மேல் வைத்தாள் மாமி. மூன்றாம் நாள் மீனு தானாக அதில் ஏறிப் படுத்தது.

கயிற்றுப் பலகை இப்போது புது சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இருட்டில் அதில் முட்டிக்கொண்ட மாமாவுக்குத்தான் இன்னும் கோபம் ஆறவில்லை.