தொண்டைச் சதையும் நெஞ்சின் அச்சமும்

டோம்பிவிலியில் ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு ஒருவர் தொண்டை கட்டிக்கொண்டு படுப்பது வழக்கம். நம்மவர் இல்லங்களில் உடனே மிளகும் மஞ்சளும் பாலில் கொதிக்கும். அதிமதுரமும் சித்தரத்தையும் கடைவாயில் அடங்கும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்த பற்று கழுத்தில் காயும். நான்கைந்து நாளில் வலி போய்விடும். வலி போனதற்குப் பற்றே காரணம் என்று பாட்டிமார் பெருமை கொள்வர். தொண்டை வலிகளிற் பெரும்பாலானவை வைரஸ் கிருமிகளால் வருபவை என்றும், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்தில் தாமாகவே தணிபவை என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆயினும் பாட்டிமாரின் பெருமையைக் கெடுப்பானேன் என்று நாமும் பேசாதிருந்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் இல்லத்துக்கு வந்த தொண்டை நோய் அவ்வாறு நான்கு நாளில் விடைபெறவில்லை. எங்கள் தமையனாருக்கு அப்போது வயது 47. தாராவியில் பிறந்து வளர்ந்து, திருமணத்துக்குப் பின் வீட்டு வாடகைக்கு அஞ்சி, மத்திய ரயில்வேப் பாதையில் வெகுதூரம் கிழக்கே நகர்ந்து வந்தவர். கோட்டைப் பகுதியில் கணக்கர் வேலை. காலையில் வண்டியின் வாயிலில் தொங்குவதற்கு முன் ஒரு வெற்றிலை, மாலையில் இறங்கியதும் ஒரு வெற்றிலை. இரண்டிலும் பாக்கு உண்டு, புகையிலையும் உண்டு. புகையிலை வீட்டாருக்குத் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. தெரியாதது போல் இருப்பது அண்ணியாரின் பொறுமை.

விழுங்கும்போது வலப்புறம் ஏதோ தடுக்கிறது என்றார். பக்கத்துத் தெரு மருத்துவர் ஒருவர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறையவில்லை என்றதும் வேறு நிற மாத்திரை ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு முறையும் விளக்கு வைத்து வாயைத் திறந்து பார்க்கவில்லை. அவரைத் தேடிச் சென்றதும் நாங்களே, பாருங்கள் என்று கேளாது வந்ததும் நாங்களே. ஐந்தாம் வாரத்தில் வலக்காதிலும் வலி தோன்றவே, அன்னையார் கைவிளக்கை எடுத்து, “வாயைத் திறடா” என்றார். ஒரு புறம் கொட்டைப்பாக்கு அளவு. மறுபுறம் பட்டாணி அளவு. “உள்நாக்கு வளர்ந்திருக்கிறது” என்று தீர்ப்பும் அளித்தார்.

உள்நாக்கு என்பது தொண்டையின் நடுவே மேலிருந்து தொங்கும் சிறு சதை. அதன் இருமருங்கிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பதிந்திருப்பவையே டான்சில்கள். வாய் வழியாக வரும் கிருமிகளை அடையாளம் கண்டு உடலுக்கு அறிவிக்கும் காவற்சதை அது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வாலிபம் வந்ததும் சுருங்கத் தொடங்கும். ஆகவே ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒருசேர வீங்கியிருந்தால் பெற்றோர் நடுங்க வேண்டியதில்லை. சீழ்ப் புள்ளியும் காய்ச்சலும் கழுத்தில் நெறியும் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியானால் அதைப் பாதியில் விட்டுவிடுவது, பின்னாளில் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சலுக்கு வழியாகலாம். நாற்பது கடந்தவருக்கு ஒரு புறம் மட்டும் பெருத்திருப்பதோ வேறு கதை. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், ஒரே பக்கத்துத் தடிப்பு, அதே பக்கத்துக் காதுவலி, எச்சிலில் இரத்தம், கழுத்தில் வலியில்லாத கட்டி, குரற்கம்மல் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்குத் தொண்டை மருத்துவரை நாட வேண்டும். இவை இருந்தாற் புற்றுநோய் என்பதில்லை. பாராமல் விடக்கூடாது என்பதே பொருள்.

இதெல்லாம் இப்போது எழுதுகிறோம். அன்று எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. “ஒன்றும் இராது” என்று அன்னையார் சொன்னார். “ஒன்றும் இராது” என்று அண்ணியார் சொன்னார். நாங்களும் அதையே சொன்னோம். ஒரு நாள் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, தமையனார் கூடத்து விளக்கடியில் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை விரித்துவைத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், “வரிக் கணக்கு” என்றார். ஆடி மாதத்தின் நடுவே நள்ளிரவில் என்ன வரிக் கணக்கு?

எதிர்க் கட்டிடத்தில் நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருக்கு நாக்கின் ஓரத்தில் புண் வந்து, நான்கு மாதம் கடையில் விற்கும் களிம்பைத் தடவிப் பார்த்து, ஊருக்குப் போய்ப் பச்சிலையும் உண்டு, கழுத்தில் கட்டி தெரிந்த பின்பே பரேலுக்குப் போனவர். நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டனர். அதன்மேல் ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை. இன்று அவர் பேசுவதைப் பழகியவர்கள்தாம் விளங்கிக்கொள்ள முடியும். அண்ணியார் அவரிடம் போய் அழுதிருக்கிறார் போலும். மறுநாள் மாலை அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து தமையனாருக்கு எதிரே அமர்ந்தார்.

தமையனார் தம் அச்சத்தை அவரிடம்தான் முதன்முதலில் வெளியிட்டார். “சதையை வெட்டிச் சோதிப்பார்களாமே, அண்ணாச்சி! கத்தி பட்டாற் பரவிவிடும் என்கிறார்களே?”

அண்ணாச்சி சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். “தம்பி, கத்தி பட்டு என் நோய் பரவவில்லை. கத்தி படாமல் இருந்த நாலு மாதத்தில்தான் பரவியது.”

நம் மக்களிடையே இந்த அச்சம் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பாராமல் இன்ன நோய் என்று எந்த மருத்துவராலும் துணிய இயலாது. அவ்வாறு எடுப்பதால் வாய், தொண்டை நோய்கள் பரவுவதில்லை என்பதே மருத்துவர்களின் அனுபவம். எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்வதும் அந்தத் துணுக்கைக் கொண்டுதான்.

பரேல் என்றதும் நம்மவர் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். இரத்தப் புற்றுநோயால் 1931-இல் மறைந்த மெஹர்பாய் டாட்டா அம்மையாரின் நினைவு அங்கே கட்டிடமாக நிற்கிறது. அவர் கணவர் சர் தோராப்ஜியும் அடுத்த ஆண்டே காலமாக, அவர் பெயரிலான அறக்கட்டளை முயன்று 1941 பிப்ரவரி 28-இல் 80 படுக்கைகளோடு திறந்ததே டாட்டா நினைவு மருத்துவமனை. 1962 முதல் அது அணுசக்தித் துறையின்கீழ் இயங்கி வருகிறது. நம் தாயகத்திலும் அவ்வாறே. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்தது. இரண்டும் வீட்டில் நேர்ந்த சாவிலிருந்து பிறந்தவை. அங்கே போய்ப் பிழைத்து வந்தவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. போனவர்களைப் பற்றியே பேசுகிறோம். நம் உள்ளூர் வண்டிகளில் உடற்குறையுடையோருக்கான பெட்டியில் புற்றுநோயாளரும் ஏறலாம். ஒரு நாள் அதன் சன்னல் வழியே பார்த்தால், உணவுக் கூடையோடு சிகிச்சைக்குப் போய்வந்து மறுநாள் கடை திறப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அண்ணாச்சி அப்பெட்டியில் பல மாதம் பயணம் செய்தவர்.

அவரே தமையனாரை நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனார். மருத்துவர் முதலிற் கேட்ட கேள்வி, “புகையிலை உண்டா?” என்பதே. அண்ணியார் அருகிலிருக்க, தமையனார் இருபத்திரண்டு ஆண்டு இரகசியத்தை ஒரே தலையசைப்பில் ஒப்புக்கொண்டார். விளக்கால் நோக்கியும், விரலால் தொட்டும், கழுத்தின் இருபுறமும் தடவியும் பார்த்துவிட்டு, “பார்வையால் சொல்ல முடியாது. இரண்டையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம்” என்றார் மருத்துவர்.

டான்சிலை எடுப்பதில் முற்காலத்தில் மட்டுமீறிய ஆர்வம் இருந்ததுண்டு. 1934-இல் நியூயார்க் நகரில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 611 பேருக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்களிடம் காட்ட, 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றனர். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்ட, அவர்கள் 99 பேரைப் பொறுக்கினர். மீந்த 116 பேரை மூன்றாம் முறை காட்ட, இன்னும் 51 பேர் அகப்பட்டனர். இன்று அந்நிலை இல்லை. ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று முறை கடுமையாக வந்தாலொழியப் பிள்ளைகளுக்கு வலியின் பொருட்டு எடுப்பதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. உறக்கத்தில் மூச்சு அடைபடுவது வேறு காரணம். ஐயத்தின் பொருட்டு எடுப்பதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

அறுவை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. முழு மயக்கம் கொடுத்து வாய் வழியாகவே செய்வதால் வெளியே தழும்பு ஏதும் இல்லை. ஓர் இரவு மருத்துவமனை; மறுநாள் வீடு. அறுவையைவிட அதன் பின் வந்த இரண்டு வாரமே எங்களைச் சோதித்தது. முதல் நாள் தெம்பாக இருந்தவருக்கு மூன்றாம் நாள் வலி ஏறியது. ஐந்தாம் நாள் வரை ஏறிக்கொண்டே இருந்தது. காது இரண்டும் குத்தின. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் வரும் வலி அது, காதில் நோயில்லை. தொண்டையில் இருபுறமும் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைக் கண்டு சீழ் பிடித்துவிட்டது என்று அன்னையார் பதறினார். அது புண் ஆறும்போது மேலே படியும் ஏடு. சுரண்டக் கூடாது, தானே உதிரும்.

உணவு பற்றி வீட்டில் பெரும் போர் மூண்டது. குளிர்ந்த பாலும் ஐஸ்கிரீமும் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். “தொண்டைப் புண்ணுக்கு ஐஸா? எந்த ஊர் வைத்தியம்?” என்று அன்னையார் கொதிக்கும் பூண்டு ரசத்தோடு நின்றார். முடிவில் ரசம் ஆறவைக்கப்பட்டது, மிளகு குறைக்கப்பட்டது, குல்பி அனுமதிக்கப்பட்டது. நொய்க்கஞ்சி, குழைந்த தயிர்சாதம், இட்லியைப் பாலில் ஊறவைத்தது என்று படிப்படியாக ஏறினோம். வலிக்கிறது என்று விழுங்காமல் இருந்தால் தசை இறுகி வலி மிகும், புண்ணும் தூய்மையாகாது. ஆகையால் வலி மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்து, அரை மணி கழித்து உணவு தருவதே முறை. ஆஸ்பிரின் மட்டும் ஆகாது; இரத்தம் உறைவதை அது கெடுக்கும்.

பேசினால் வலிக்கிறது என்று தமையனார் சைகை காட்டத் தொடங்கினார். நான்காம் வகுப்பில் மராத்தி பயிலும் எங்கள் இளையவள், “பாட்டி கொண்டு வரட்டுமா?” என்று கேட்டாள். நான் இங்கேதானே இருக்கிறேன் என்றார் அன்னையார். குழந்தை ஓடிப்போய்க் கொண்டுவந்தது எழுதும் பலகையை. மராத்தியில் அதற்குப் பாட்டி என்றே பெயராம். தொண்டையைப் பிடித்துக்கொண்டு தமையனார் சிரித்தது அறுவைக்குப் பின் அதுவே முதல் தடவை.

ஏழாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அவர் எச்சிலில் செந்நிறம் கண்டது. புண்ணின் ஏடு உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை இவ்வாறு நேரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தும் கைகால் நடுங்கிற்று. குளிர்ந்த நீரால் கொப்பளிக்கச் செய்து, விழுங்காமல் துப்பச் சொல்லி, அண்டை வீட்டாரின் காரில் மருத்துவமனைக்கு விரைந்தோம். விடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தனர், தானே நின்றது. சிறிதாயிற்றே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்திருப்பவர் உண்டு. புதிய இரத்தம் ஒரு கரண்டியளவு ஆனாலும் படுத்திருக்கலாகாது.

ஒன்பதாம் நாள் சோதனை முடிவு வருவதாக இருந்தது. கணபதி உற்சவக் காலம். கீழே பந்தலில் தோலொலி. தாளை வாங்கிவர அண்ணியார் ஒப்பவில்லை. அன்னையார் பூசையறையை விட்டு எழவில்லை. நாங்களும் அண்ணாச்சியும் போனோம். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு எங்களை நோக்கும் வரை இடையே சென்ற நேரம் கடிகாரக் கணக்கில் சில நொடிகளே இருக்கும். நாட்பட்ட அழற்சி, வலப்புறத்தில் நீர்க்கட்டி ஒன்று, புற்றணுக்கள் இல்லை என்றார். அண்ணாச்சி இரு கைகளையும் கூப்பினார். திரும்பும் வண்டியில் அவர் ஒன்றும் பேசவில்லை. தாணே தாண்டிய பின் தம் கழுத்தை ஒரு முறை தடவிக்கொண்டார். அடுத்த புதன்கிழமை அவருக்கும் பரேலில் பரிசோதனை இருந்தது என்பது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது.

அந்தப் புதன்கிழமை தமையனார் விடுப்பு எடுத்து அவரோடு போனார். இப்போதும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவரே உடன் போகிறார். புகையிலை போய்விட்டது. பாக்கு மட்டும் போகவில்லை. புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் குழு 2004-இல் வெளியிட்ட நூலிலேயே கூறிவிட்டதை எடுத்துச் சொன்னால், “தாம்பூலம் நம் மங்கலப் பொருள் அல்லவா?” என்று வாதிடுகிறார். திருமணத் தட்டில் இருக்கட்டும், வாயில் வேண்டாம் என்பது அண்ணியாரின் கட்சி. வெற்றிலைச் செல்லம் இப்போது அன்னையாரின் அலமாரியில் இருக்கிறது. சாவி அண்ணியாரின் முந்தானையில்.