ஒரு வட்டுக்குள் ஓர் இயங்குதளம்

ஒரு சிடியில் 80 நிமிட இசை பிடிக்கும். நொடிக்கு 75 பகுதி என்ற கணக்கில் அது 3,60,000 பகுதிகள். இசையாக எழுதினால் ஒரு பகுதியில் 2,352 பைட் கொள்ளும். கணினித் தரவாக எழுதினால், பிழை திருத்தும் குறியீடுகளுக்கு இடம் விட்டதுபோக 2,048 பைட்தான் மிஞ்சும். பெருக்கினால் 73,72,80,000 பைட். '700 எம்பி' என்று உறையில் அச்சிட்டு விற்ற வட்டின் கொள்ளளவு இவ்வளவுதான். ஒற்றை அடுக்கு டிவிடியில் சுமார் 470 கோடி பைட், இரட்டை அடுக்கில் சுமார் 850 கோடி. விண்டோஸ், லினக்ஸ், மேக் என எந்த இயங்குதளமானாலும், அதன் நிறுவல் தொகுப்பை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த எண்களுக்குள்தான் அடக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. டிவிடி உறையில் 4.7 ஜிபி என்றிருக்கும். அதையே விண்டோஸ் 4.37 ஜிபி என்று காட்டும். வட்டில் குறையில்லை. டிவிடி தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024-இன் அடுக்காக எண்ணுகிறது. ஆகவே விண்டோஸ் 4.5 ஜிபி என்று காட்டும் கோப்பு 4.7 ஜிபி வட்டில் ஏறாது.

சிடிக்கு முந்தைய காலத்தில் நெருக்கடி இன்னும் கடுமை. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-இன் மேம்படுத்தல் பதிப்பு 13 ஃபிளாப்பிகளில் வந்தது. சாதாரண 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஒரு தடத்துக்கு 18 பகுதிகள். மைக்ரோசாஃப்ட் அதே வட்டில் தடத்துக்கு 21 பகுதிகளை நெருக்கி எழுதி, 1.68 எம்பி பிடிக்க வைத்தது. முதல் வட்டு மட்டும் பழைய முறையிலேயே இருந்தது. சுருக்கிய கோப்புகள் 'கேப்' என்ற பெட்டகங்களாக மற்ற வட்டுகளில் இருந்தன. பத்தாவது வட்டு கெட்டுப்போனால் மீதி வட்டுகள் நன்றாக இருந்தும் பயனில்லை. சிடி வந்த பிறகும் உடனே விடிவு வரவில்லை. சிடியிலிருந்தே கணினியைத் தொடங்க வைக்கும் 'எல் டொரிட்டோ' தரம் 1995-இல்தான் வெளிவந்தது. அது பரவும்வரை, சிடி கையில் இருந்தாலும் தொடக்க ஃபிளாப்பி ஒன்று கூடவே வேண்டும்.

இணையத்தில் இறக்கிக்கொள்ளலாமே என்று இன்றைய வாசகருக்குத் தோன்றலாம். பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரை ஊரில் 2005 வாக்கில் அது என்ன விலை என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். அந்த ஆண்டு பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபோது அடிப்படை வேகம் 256 கேபிபிஎஸ். தடையே இல்லாமல் முழு வேகம் கிடைத்தாலும் ஒரு சிடி அளவை இறக்க 6 மணி 24 நிமிடம் ஆகும். ஒரு டிவிடி அளவுக்கு ஏறத்தாழ 41 மணி நேரம். மாதத் தரவு வரம்பு வேறு உண்டு. பின்னாளில் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை வரம்பில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று வந்தது. விடிய விடியக் கணினியை ஓடவிட்டு இறக்குவது அப்போது வழக்கமானது. அதனால் வட்டுக்குத் தனி மதிப்பு இருந்தது. 'லினக்ஸ் ஃபார் யூ' மாத இதழோடு வந்த வட்டுகளும், உபுண்டு லினக்ஸை வெளியிடும் நிறுவனம் 2011 வரை 'ஷிப்இட்' திட்டத்தில் கட்டணமில்லாமல் அஞ்சலில் அனுப்பிய சிடிகளும் கை மாறிக் கை மாறிப் போயின. வட்டில் இருந்தது கிடைத்தது. வட்டில் இல்லாதது பெரும்பாலும் கிடைக்கவே இல்லை. எதை ஏற்றுவது, எதை விடுவது என்ற முடிவு இவ்வளவு தூரம் கனத்தது இதனால்தான்.

இந்த முடிவை எடுக்க டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் கண்ட வழி நேர்மையானது. 2005 ஜூனில் வந்த டெபியன் 3.1 பதிப்பில் 15,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள்; முழுத் தொகுப்பும் 14 சிடிகள். எல்லாவற்றையும் எவரும் பயன்படுத்தப் போவதில்லை. நாமக்கல் லாரியில் பல ஊர்ச் சரக்கை ஏற்றுபவர் முதலில் இறக்க வேண்டியதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதுபோல, அதிகம் பேர் பயன்படுத்தும் பொதிகளை டெபியன் முதல் வட்டுகளில் வைத்தது. எது அதிகம் பயன்படுகிறது என்பதை ஊகிக்கவில்லை. விருப்பமுள்ளோர் கணினிகளிலிருந்து பயன்பாட்டுக் கணக்கை அனுப்பும் சிறு நிரல் ஒன்று அதைச் சொன்னது. ஒரு பொதி இயங்க இன்னொன்று தேவை என்றால் அதுவும் முன்னதாகவோ அதே வட்டிலோ இருந்தாக வேண்டும். முதல் சிடியோடு நிறுத்திக்கொண்டாலும் முழுமையான கணினி கிடைத்ததற்கு இந்த ஒழுங்கே காரணம்.

ஒரே வட்டில் எல்லாம் வேண்டும் என்றால் சுருக்க வேண்டும். ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் உருவாக்கிய க்னாப்பிக்ஸ் லினக்ஸ், ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருளை 700 எம்பி சிடியில் வைத்தது. கோப்புத் தொகுதி முழுவதும் சிறு சிறு துண்டுகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். தேவைப்படும் துண்டு மட்டும் அந்த நொடியில் விரிந்து நினைவகத்துக்கு வரும். இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் ஸ்குவாஷ்எஃப்எஸ் 2009-இல் லினக்ஸ் கருநிரலிலேயே (கெர்னல்) சேர்க்கப்பட்டது.

சுருக்கியும் இடம் போதாதபோது எதையாவது விட வேண்டும். பெரும்பாலும் விடப்பட்டது மொழி. உபுண்டு சிடியில் சில மொழிகளின் முழு மொழிப்பொதிகளுக்கே இடம் இருந்தது. தமிழ் வேண்டுவோர் நிறுவி முடித்தபின் இணையத்தில் இறக்க வேண்டும். இணையம் இல்லாமல்தானே வட்டையே தேடினார்கள்! இத்தனைக்கும் தமிழ் எழுத்துரு அதிக இடம் கேட்பதில்லை. ரெட் ஹாட் 2004-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட லோஹித் தமிழ் ஒரு எம்பிகூட இல்லை. இடத்தை அடைத்தது எல்லா மொழிகளின் மொழிபெயர்ப்புகளும் சேர்ந்த மொத்தம். வரைகலை இல்லாத டெபியனின் உரைமுறை நிறுவியால் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்ட முடியவில்லை. 2007-இல் வரைகலை நிறுவி வந்தபின்தான் முதல் திரையிலேயே தமிழைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதே ஆண்டு சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து வெளியிட்ட பாஸ் லினக்ஸ், இந்திய மொழிகளை வட்டிலேயே தருவதை நோக்கமாகக் கொண்டது. இட நெருக்கடியிலும் இந்த மொழிகளை விட்டுவிடாதவர்கள் அவர்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் இடம்பெற்றது.

டிவிடியிலும் இதே இட நெருக்கடிதான். ஆப்பிள் 2011-இல் ஓஎஸ் எக்ஸ் லயனை இணையத்தில் விற்கத் தொடங்கியபோது, அதன் நிறுவல் கோப்பை ஒற்றை அடுக்கு டிவிடியில் எழுதிவிட முடிந்தது. 2013-இல் வந்த மேவரிக்ஸ் 5 ஜிபியைத் தாண்டியதால் இரட்டை அடுக்கு வட்டு தேவைப்பட்டது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளும் 4.7 ஜிபியை மீறின.

விண்டோஸ் வட்டைத் திறந்தால் எடை எங்கே இருக்கிறது என்பது தெரியும். 'சோர்சஸ்' கோப்புறையில் 'இன்ஸ்டால்.விம்' என்ற ஒரே கோப்பு பெரும்பகுதியை அடைத்திருக்கும். ஹோம், புரோ எனப் பல பதிப்புகள் அதற்குள் உண்டு. ஆனால் அவற்றுக்குப் பொதுவான கோப்பு ஒருமுறைதான் சேமிக்கப்படும். எனவே ஒரு பதிப்பை நீக்கினால் பாதி இடம் மிச்சமாகும் என்று எதிர்பார்ப்பது தவறு. கூடுதல் சுருக்கம் கொண்ட 'இஎஸ்டி' வடிவுக்கு மாற்றுவதே பலன் தரும். விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் கருவி அதைச் செய்யும். நேரம் பிடிக்கும், ஆனால் நிறுவி அந்தக் கோப்பை அப்படியே ஏற்கும். விம் கோப்பைத் துண்டுகளாக வெட்டவும் டிஸ்மால் முடியும். ஆனால் துண்டுகள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும் என்பதால், இரண்டு டிவிடிகளில் பிரித்து வைக்க அந்த வழி உதவாது.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பாக வட்டில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது; படிமமாகவே 'ரைட்' செய்ய வேண்டும். அதற்குமுன் வெளியீட்டாளர் தந்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டால், பாதியில் அறுந்த பதிவிறக்கத்துக்கு ஒரு வட்டை வீணாக்க வேண்டியிருக்காது.

இப்போது ஓஎஸ் போடும் கடைகளில் பென் டிரைவ்தான். அதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. யுஇஎஃப்ஐ கணினிகள் எல்லாம் படிக்கக்கூடிய எஃப்ஏடி32 அமைப்பில், தனிக்கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தாலும் 5 ஜிபி 'இன்ஸ்டால்.விம்' அதில் ஏறாது. டிவிடிக்கு உதவாத அந்த வெட்டும் வழி இங்கே கைகொடுக்கிறது: துண்டுகள் ஒரே கோப்புறையில் இருப்பதால் நிறுவி அவற்றை வரிசையாகப் படித்துக்கொள்கிறது.