சீட்டுக்கட்டிலும் சிக்கனம்!

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்குச் சிக்கனம் புதிதல்ல. பிள்ளைகளின் செல்போன் விளையாட்டிலும் அது தேவைப்படும் என்பதுதான் புதிது. ஒன்பதாவது படிக்கும் என் மகன் ஒருநாள், "அம்மா, 500 ரூபாய் கொடேன், கேமுக்குக் கார்டு வாங்கணும்" என்றான். பணத்தை எடுக்குமுன், "அது என்னடா கார்டு? முதல்ல எனக்குச் சொல்லு" என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். அவன் சொன்னதையும், நாங்கள் இருவருமாய்ப் போட்ட கணக்கையும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

என்ன விளையாட்டு?

பெயர் 'ஹார்த்ஸ்டோன்'. பிளிஸார்டு என்ற அமெரிக்க நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. ஒரு கட்டுக்கு 30 கார்டு. ஒரே கார்டை இரண்டு வரை வைக்கலாம். 'லெஜண்டரி' என்ற அபூர்வ வகை மட்டும் ஒன்றுதான். இருவருக்கும் வழக்கமாக 30 உயிர்ப் புள்ளி. எதிராளியின் புள்ளியைத் தீர்த்துவிட்டால் ஜெயம். கார்டை இறக்க 'மானா' செலவாகும். முதல் சுற்றில் 1 மானா, அடுத்ததில் 2, இப்படியே 10 வரை ஏறும்.

விளையாட்டு இலவசம். 5 கார்டு அடங்கிய பொட்டலத்துக்குத்தான் காசு. விளையாடிச் சேர்க்கும் தங்கம் 100 இருந்தாலும் அதே பொட்டலம் கிடைக்கும். உள்ளே என்ன கார்டு என்பது பிரித்த பிறகே தெரியும். "இன்னொன்று பிரித்தால் நல்லது வருமோ" என்ற நப்பாசை இங்கேதான் பிறக்கிறது. வேறு சில விளையாட்டுகளில் இப்படி விற்ற அதிர்ஷ்டப் பெட்டிகளை 2018-ல் பெல்ஜியம் நாடு சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. அம்மாக்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பொடிக் கணக்கு

வேண்டாத கார்டை உடைத்தால் 'டஸ்ட்' என்ற பொடி கிடைக்கும். அதைக்கொண்டு வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். 'காமன்' செய்ய 40, 'ரேர்' 100, 'எபிக்' 400, 'லெஜண்டரி' 1600. உடைத்தால் கிடைப்பதோ முறையே 5, 20, 100, 400. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு வாங்குகிற கதைதான்!

சாதாரணப் பொட்டலம் ஒன்றில் 4 காமன், 1 ரேர். அத்தனையும் உடைத்தால் 40 பொடி. அந்தக் கணக்கில் ஒரு லெஜண்டரி செய்ய 40 பொட்டலம் உடைக்க வேண்டும். அதே 1600 பொடியில் 40 காமன் கார்டு செய்யலாம். "ஒரு முழுக் கட்டே வந்துடுதும்மா!" என்றான் பிள்ளை.

சிக்கனக் கட்டுக்குச் சில வழிகள்

1. ஹீரோக்கள் 11 வகை. எல்லாவற்றுக்கும் சேர்க்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும். என் மகன் 'ஹண்டர்' எடுத்தான். 2 மானா கொடுத்தால் எதிராளிக்கு நேரே 2 அடி விழும்.

2. 'கோர்' தொகுதிக் கார்டுகள் இலவசம். முதலில் அவற்றைப் போட்டு நிரப்பி, குறைவதை மட்டும் செய்யட்டும்.

3. 1, 2, 3 மானா கார்டுகளே அதிகம் இருக்கட்டும். எதிராளி தன் 8, 9 மானா கார்டை இறக்குமுன் ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆனால் கையிலிருப்பது சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் புதுக் கார்டு எடுத்துத் தருகிற இரண்டொன்றும் வேண்டும்.

4. ஒரே கார்டில் இரண்டுக்கு மேல் இருப்பதை முதலில் உடைக்கலாம். மற்றதில் அவசரம் கூடாது. ஏதாவது கார்டின் பலத்தை நிறுவனம் குறைத்தால், சில நாட்களுக்கு அதை உடைப்பவருக்குச் செய்கூலி முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

5. 'ஸ்டாண்டர்டு' ஆட்டத்திலிருந்து வருஷத்துக்கொருமுறை பழைய தொகுதிகள் விலகிவிடும். விலகப்போவதில் பொடியைக் கொட்டக் கூடாது.

இந்தக் கட்டு எல்லா ஆட்டமும் ஜெயிப்பதில்லை. பணம் கொட்டிச் சேர்த்தவனிடம் தோற்பதும் உண்டு. "ஆனா ரெண்டு ஆட்டத்துக்கு ஒண்ணு ஜெயிக்கிறேனே" என்கிறான். கைக்காசு ஒன்றும் போகவில்லை.

விளையாடாதே என்று தடுத்தால் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால், இருப்பதைக்கொண்டு சமாளிக்கும் வித்தை அவர்களுக்கும் வரும். அப்படியே, உங்கள் சம்மதமில்லாமல் எதையும் வாங்க முடியாதபடி செல்போனில் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். அது உங்களோடு மட்டும் இருக்கட்டும்.